பேஸ் கிடார் வாசிக்கும் கை வலிக்கிறது, விட்டுவிடட்டுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 46. திருச்சியில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் பேஸ் கிடார் வாசித்தேன். கல்யாணம், குழந்தைகள் என்று ஆனபின் அது அப்படியே நின்றுபோனது. மூன்று வருடம் முன்பு மறுபடி எடுத்தேன். இப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று மாதம் நான்கைந்து கச்சேரி வாசிக்கிறேன். ஆறு மாதமாக இடது கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. கச்சேரிக்கு மறுநாள் காலையில் காதில் ரீங்காரம் கேட்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கியபின், பத்து மணிக்கு மேல், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) போடாமல் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்கிறார் மனைவி. ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் வாங்கினால் கைக்குச் சுலபம் என்கிறார்கள் குழுவில். வாங்கலாமா, அல்லது மொத்தமாக விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டாம். 46 வயதில் பேஸை மூட்டை கட்டி வைக்க அவசியமே இல்லை. சென்னை மேடைகளில் அறுபதைத் தாண்டியும் கணீரென்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வலியோடேயே பழகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான் பேஸ் வாசிப்பவன், பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவன். மருத்துவன் இல்லை. அதனால் மருத்துவர் பார்க்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வலது கை அவசரம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. அங்கே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். அப்போது மரத்துப்போவது நீங்கள் சொன்ன அதே மூன்று விரல்கள்தான், கூடவே மோதிர விரலில் பாதி. தூக்கத்தில் எழுப்பிவிடுவதும் அதன் வழக்கம். கார்ப்பல் டனல் என்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். விரல் மடங்கினால் நிமிர மறுப்பது, தோள்பட்டை இறுகிப்போவது போன்றவையும் அப்படித்தான். அதனால் "ரொம்ப வாசிச்சதுனால வந்தது" என்று நீங்களாக முடிவு கட்டாமல் எலும்பியல் மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். சர்க்கரை இருப்பதையும், பேஸ் வாசிப்பதையும், அலுவலகத்தில் நாள் முழுக்க மவுஸ் பிடிப்பீர்கள் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நரம்புப் பரிசோதனை எழுதித் தரலாம், ராத்திரி மணிக்கட்டை நேராக வைத்திருக்க ஒரு பட்டை தரலாம். ஆரம்பத்தில் போனால் பெரும்பாலும் இதெல்லாம் சின்ன வைத்தியம்தான். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கையில் பிடித்த டம்ளர் நழுவுவது என்று வந்தபிறகு போனால் நரம்பு முழுதாகத் தேறாமலும் போகலாம். இடது கட்டைவிரலையும் அவரிடமே காட்டிவிடுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை கச்சேரி ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சரி, இனி என் பங்கு. உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம், "ஆம்ப் போடாமல்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான்.

பேஸில் ஈ ஸ்ட்ரிங்கின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்தக் கனமான மரக்கட்டையால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காற்றில் தள்ள முடியாது. ஆம்ப் இல்லாதபோது உங்கள் காதில் விழுவது ஸ்ட்ரிங்கின் சலசலப்பு மட்டும். அதையாவது கேட்க வேண்டுமே என்று வலது கை ஓங்கி இழுக்கும். ஓங்கி இழுத்த ஸ்ட்ரிங், நெக்கில் (கிடாரின் கழுத்தில்) குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். அந்தக் கரகரப்பை அடக்க இடது கை நெக்கை நெரிக்கும், கட்டைவிரல் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கும். இது தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறது. அப்புறம் மேடைக்குப் போகிறீர்கள். பக்கத்தில் ட்ரம்ஸ், இரண்டு பக்கமும் பெரிய பாக்ஸ், வாசிப்பவர்களுக்கென்று மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் பாடகர் குரல் மட்டும். அங்கேயும் உங்களை உங்களுக்குக் கேட்காது. மறுபடி ஓங்கி இழுப்பீர்கள், மறுபடி நெரிப்பீர்கள். வீட்டிலும் மேடையிலும் ஸ்பீக்கர் செய்ய வேண்டிய வேலையை உங்கள் விரல்கள் செய்துகொண்டிருக்கின்றன. வயதுக்கு முன்னால் இதைத்தான் சரிசெய்யப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குத் தீர்வு எளிது. கிடாரின் ஜாக்கிலேயே செருகிக்கொள்ளும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் கிடைக்கிறது. அதை வாங்குங்கள். யார் தூக்கமும் கெடாது. ஒலியை அளவாக வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குள் கேட்கும்படி கையை இலேசாக்குங்கள்.

கையை எவ்வளவு இலேசாக்கலாம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மருத்துவர் வாசிக்கலாம் என்று சொன்னதும் இதிலிருந்தே தொடங்குங்கள். ஏ ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது ஃப்ரெட், அதாவது இரண்டு கட்டை. விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் வையுங்கள், ஆனால் அழுத்தாதீர்கள், தொட்டபடி மட்டும் இருக்கட்டும். வலது கையால் மீட்டினால் 'தப்' என்று செத்த சத்தம் வரும். மீட்டிக்கொண்டே இடது விரலின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கரகரவென்று வந்து, ஒரு கட்டத்தில் சுரம் தெளியும். அங்கேயே நில்லுங்கள். அவ்வளவுதான் தேவை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஆச்சரியப்படுவார்கள், இத்தனை நாள் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்திக்கொண்டிருந்தோமே என்று. அதே அழுத்தத்தில் கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு நாலு சுரம் வாசித்துப் பாருங்கள். முழங்கையின் எடையே விரலைக் கீழே இழுத்துக்கொள்ளும். கட்டைவிரல் வழிகாட்டத்தான், நசுக்க அல்ல என்று கைக்கே புரிந்துவிடும். தினமும் பயிற்சியின் முதல் ஐந்து நிமிடம் இதற்கு மட்டும்.

வலது மணிக்கட்டையும் கவனியுங்கள். முன்கையைக் கிடாரின் விளிம்பில் பாரமாகச் சாய்த்து, அங்கிருந்து கையை உள்ளே மடக்கி வாசித்தால் அந்தக் குறுகலான பாதை இன்னும் குறுகும். முழங்கையைச் சற்றே பின்னால் இழுத்தால் மணிக்கட்டு நிமிரும். ஸ்ட்ராப் நீளமாகி பேஸ் தொடைக்கு இறங்கிவிட்டால் இரண்டு மணிக்கட்டும் மடங்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எங்கே இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் நிற்கிற அளவுக்கு ஸ்ட்ராப்பைச் சுருக்குங்கள். பேஸ் சாதாரணமாக நாலு கிலோ இருக்கும். ஸ்ட்ராப் மூன்று நாலு அங்குல அகலம் இருந்தால் தோள் பிழைக்கும்.

கிடாரை ஒருமுறை நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து செட்டப் செய்துகொள்ளுங்கள். வெயில், மழை, ஈரப்பதம் மாற மாற நெக் வளையும், ஸ்ட்ரிங் உயரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். நாலு மில்லிமீட்டர் இருக்கிற கிடாரோடு போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 45-105 தடிமன் ஸ்ட்ரிங் செட் போட்டிருந்தால் மெலிந்த 40-95க்கு மாறுங்கள். இதற்கு ஆகும் செலவு புதுக் கிடாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மேடைக்கு வருவோம். தாழ்ந்த சுரங்களின் ஒலி அலை மிக நீளம். 41 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய எட்டு மீட்டர். அது மேடை முழுக்கப் பரவிக் குழம்பிக் கிடக்கும். அதில் உங்கள் சுரத்தைக் காது பிரித்தறிவது 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள நடு ஒலியை வைத்துத்தான். ஆகவே கேட்கவில்லை என்றதும் ஆம்பில் பேஸ் குமிழை ஏற்றாதீர்கள். அதைக் கொஞ்சம் இறக்கி மிட் குமிழை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், குழுவோடு சேரும்போது தெளிவாக நிற்கும். ஆம்ப் தரையில் இருந்தால் உங்கள் கெண்டைக்கால்தான் நன்றாகக் கேட்கும். ஒரு நாற்காலி மேல் ஏற்றுங்கள், அல்லது முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து முகத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள். சீக்கிரமே போய் சவுண்ட்காரரிடம், "அண்ணே, என் மானிட்டர்ல பேஸும் கிக்கும் கொஞ்சம் குடுங்க" என்று கேளுங்கள் (கிக் என்பது ட்ரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய ட்ரம்). கூட்டம் வந்தபிறகு கேட்டால் அவருக்கும் கஷ்டம்.

மேடையில் இன்னொன்று. ஜெனரேட்டர் ஓடும் திருவிழா மேடையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லாமல் கிடாரைச் செருகாதீர்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்ட கையோடு மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் உண்டு. தரை ஈரமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. குழுத் தலைவர் கோபித்துக்கொண்டாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

காதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. கை தேறும். உள்காதில் செத்த உணர்வணுக்கள் மறுபடி முளைக்காது. தொழிலிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி. 100ஐத் தொட்டால் வெறும் 15 நிமிடம். நம் மேடைகளில் 100 என்பது சர்வ சாதாரணம், கச்சேரியோ மூன்று மணி நேரம். அதிலும் பேஸ்காரர் வழக்கமாக நிற்கிற இடம் ட்ரம்மரின் ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) பக்கம். மறுநாள் காலை ரீங்காரம் கேட்கிறது என்றால் காது அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டது என்று அர்த்தம்.

இசைக்கலைஞர்களுக்கென்றே காதடைப்பான் இருக்கிறது. பஞ்சு மாதிரியான சாதாரண அடைப்பான் மேல் சுரங்களை அதிகமாக விழுங்கிவிடுவதால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் இருக்கும். இது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். 15 டெசிபல் குறைக்கும் வகை உங்களுக்குப் போதும். அளவெடுத்துச் செய்ததுதான் வேண்டும் என்றில்லை, ஆயத்தமாகக் கிடைப்பதே போதும். முதலில் ரிகர்சலில் போட்டுப் பழகுங்கள். எடுத்த எடுப்பில் மேடையில் போட்டால் பதறிப்போய் இன்னும் ஓங்கி இழுப்பீர்கள். காதுக்குள் செருகிக் கேட்கும் இன்-இயர் மானிட்டர் போடுவதாக இருந்தால் இரண்டு காதிலும் போடுங்கள். ஒன்றைக் கழற்றினால் மற்றொன்றின் சத்தத்தைக் கை தானாக ஏற்றும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் கேட்கும் திறன் பரிசோதனை ஒன்று செய்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வருடம் ஒருமுறை எடுத்து ஒப்பிடலாம். என்றாவது ஒரு பக்கக் காது திடீரென்று அடைத்தது போல் கேட்காமல் போனால் சளி என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே போக வேண்டிய விஷயம் அது.

ஐந்து ஸ்ட்ரிங் பேஸைப் பற்றிக் குழுவில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஈ ஸ்ட்ரிங்கில் முதல் ஃப்ரெட்டில் வாசிக்க வேண்டிய சுரம், கூடுதலாக வரும் பி ஸ்ட்ரிங்கில் ஆறாவது ஃப்ரெட்டில் கிடைக்கும். அங்கே ஃப்ரெட்டுகள் நெருக்கம், கை விரிய வேண்டியதில்லை. ஆனால் நெக் அகலமாகும், எடை கூடும், அதிரவிடாமல் அடக்க வேண்டிய ஸ்ட்ரிங் ஒன்று கூடும். நோகிற கட்டைவிரலுக்கு அகலமான நெக் நல்லதில்லை. காசு செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஸ்ட்ரிங் அதிரும் நீளம் 30 அங்குலமே உள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸ் ஒன்றை இரவல் வாங்கி வாசித்துப் பாருங்கள். வழக்கமான 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 13 சென்டிமீட்டர். ஷார்ட் ஸ்கேலில் பதினொன்றரைதான். சின்னப் பிள்ளைகள் சாமான் என்று யாராவது சொன்னால், பால் மெக்கார்ட்னி கையில் வயலின் வடிவத்தில் இருப்பதும் அந்த அளவுதான் என்று சொல்லுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் நாலு விரலையும் நாலு ஃப்ரெட்டுக்கு விரிக்காதீர்கள். டபுள் பேஸ் வாசிப்பவர்கள் செய்வதுபோல் ஆள்காட்டி, நடு, சுண்டுவிரல் என்று மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடியுங்கள். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக இருக்கட்டும், நாலாவது ஃப்ரெட்டுக்குக் கை முழுசாக நகரட்டும்.

பயிற்சி ஒரு மணி நேரம் வேண்டாம், 25 நிமிடம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்து வாசிப்பதைவிட இது கையிலும் மூளையிலும் நன்றாகப் பதியும். முதல் ஐந்து நிமிடம் அந்த இலேசான அழுத்தம். அப்புறம் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு நீண்ட சுரம், அது எங்கே முடிகிறது என்பதில் கவனம். பேஸ்காரரின் தரம் சுரத்தைத் தொடங்குவதைவிட நிறுத்துகிற இடத்தில்தான் தெரியும் என்பது என் அபிப்பிராயம். மிச்ச நேரத்துக்கு ஒரே ஒரு பாட்டு, அதையும் மூன்று கட்டைகளில். மேடையில் பாடகி திரும்பி, "அரைக் கட்டை இறக்குங்க" என்று சொன்னால் கீபோர்டுகாரருக்கு ஒரு பட்டன் போதும். நமக்குக் கைதான் நகர வேண்டும். ஆகவே திறந்த (விரல் வைக்காத) ஸ்ட்ரிங் இல்லாமல் பழகுங்கள், அப்போது அரைக் கட்டை என்பது ஒரு ஃப்ரெட் நகர்வு, அவ்வளவுதான். மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவிலும், ஏழு கட்டைக்கும் மேல் ஒரு கட்டைக்கும் நடுவிலும் மட்டும் முழுக் கட்டையே ஒரு ஃப்ரெட். புதுப் பாட்டுகளைக் கற்பதற்குக் கிடாரே தேவையில்லை. பஸ்ஸில் போகும்போது கேட்டு, பேஸ் வரியை வாயால் முணுமுணுத்துப் பழகிவிட்டால் கைக்கு வேலை பாதியாகும்.

கச்சேரியை மறுபடி தொடங்கும்போது மாதம் இரண்டு, அதுவும் அடுத்தடுத்த நாட்களில் இல்லாமல். கையைக் கெடுப்பது பெரும்பாலும் திடீரென்று கூடும் வேலைதான். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள், தை பிறந்ததும் முகூர்த்தங்கள் என்று வரிசையாக வரும். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பயிற்சியைப் படிப்படியாக ஏற்றிக்கொள்ளுங்கள். பாட்டு வரிசையையும் தலைவரிடம் பேசுங்கள். இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும், கைக்கு ஓய்வே கிடைக்காது. அப்படி மூன்றை அடுத்தடுத்துப் போடாமல் நடுவில் எளிமையான பாட்டு ஒன்று வரட்டும். உட்கார்ந்து வாசிக்க ஸ்டூல் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

சாப்பாட்டு விஷயம் உங்கள் சர்க்கரைக்காக. கச்சேரி முடிந்து ஒரு மணிக்குப் பரோட்டா, சால்னா என்று உட்கார்வது குழுவின் சந்தோஷம், எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கு மேடை ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டாக வேண்டும். கச்சேரி நாளில் மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை இறங்கி மேடையிலேயே தலைசுற்றலாம். கிடார் பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று இருக்கட்டும். நள்ளிரவுக்குமேல் தூக்கக் கலக்கத்தோடு பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு டூவீலர் ஓட்டாமல் குழு வேனிலேயே வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி கை மரத்து நீங்கள் எழுந்து உட்கார்வதை அவர்தானே பார்க்கிறார்? மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாதம் இரண்டு கச்சேரி, தினமும் 25 நிமிடம் என்பதை அவரோடு பேசியே முடிவு செய்யுங்கள்.

நரம்புப் பரிசோதனை எடுத்தால் முடிவு வந்ததும் எழுதுங்கள். மருத்துவர் எத்தனை வாரம் ஓய்வு சொல்கிறார் என்று தெரிந்தால், திரும்ப மேடைக்கு வருவதற்கு வாரவாரியாக என்ன வாசிக்கலாம் என்று எழுதி அனுப்புகிறேன். அதுவரை பேஸ் பையிலேயே இருக்கட்டும், பாட்டு கேட்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.